எருமை எச்சில்

அடி அண்ணாமலையில் பரசுராமன் வீட்டு மாட்டுக்கு இரண்டு பேர். கொட்டகைக்குள் இருக்கும்போது வெள்ளச்சி. கொண்டுவந்து கிரிவலப் பாதையோரத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டால் கோமாதா. வெள்ளச்சியாக இருக்கும்போது அவன் பெண்டாட்டி கஸ்தூரி அதைத் திட்டுவாள், கொஞ்சுவாள், கடலை பறித்த மல்லாட்டைக் கொடியை மண் போக உதறிப் போடுவாள். கோமாதாவாகிவிட்டால் நெற்றியில் குங்குமம் ஏறும், கழுத்தில் மணி ஏறும், கொம்பில் மஞ்சள் ஏறும். அதற்கப்புறம் யார் எதை நீட்டினாலும் அது தின்ன வேண்டியதுதான். வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், பிஸ்கட். ஒரு பௌர்ணமிக்கு யாரோ பிறந்தநாள் கேக்கைக்கூட ஊட்டிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். மாடு வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவா போகிறது?

பௌர்ணமி மட்டும் என்றால் மாதம் ஒருநாள் கூத்து என்று விட்டுவிடலாம். போன ஆடியிலிருந்து தினமும் ஆரம்பித்தது. பிரகாஷ் என்று ஒருவர் சென்னையில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு இங்கே வந்து சாமியார்களுக்கு மத்தியானச் சோறு போட ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். நல்ல மனுஷர், வாய் நிறையச் சிரிப்பு. பந்தி முடிந்து மிஞ்சுகிற சோற்றைக் குப்பையில் கொட்டினால் பாவம், பசுவுக்குப் போட்டால் புண்ணியம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து பரசுராமன் வீட்டு வாசலில் தினம் ஒரு வாளிச் சோறு இறங்கியது. தீவனத்துக்கு அலைச்சல் கம்மி என்று அவனுக்குச் சந்தோஷம். கஸ்தூரிக்கும் முதலில் சந்தோஷந்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெந்த சோறு, ஆவி பறக்க வருகிறது, மாடும் வாளிக்குள் விட்ட முகத்தை எடுக்காமல் தின்கிறது. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பொங்கலுக்கு அப்புறம் மாட்டின் குணம் மாறியது. மடியை முட்டுகிற கன்றை உதைத்தது. கறக்க உட்கார்ந்தால் வாலை வீசி முகத்தில் அடித்தது, செம்பைத் தட்டிவிட்டது. அசை போடுவது குறைந்து, பல்லை நறநறவென்று கடித்தபடி சுவரைப் பார்த்து நின்றது. சாணி கூழாகப் போய்ப் புளித்த மாவு நாற்றம் அடித்தது. அதில் பருக்கை முழுசு முழுசாகக் கிடந்தது. வரட்டி தட்டினால் சுவரில் நிற்காமல் வழிந்தது. இது சாணியே இல்லை என்று கஸ்தூரி அன்றைக்கே சொன்னாள். சாணியில் கை வைக்காத பரசுராமன், கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டான்.

பங்குனிப் பௌர்ணமியன்று சாயங்காலம் அது நடந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் மாட்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார். மாடு விட்டது ஓர் உதை. ஆள் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, சிராய்ப்போடு போயிற்று. ஆனால் கூட்டம் பார்த்துவிட்டது, நாலைந்து செல்போன்களிலும் ஏறிவிட்டது. பெரியவர் என்ன பாவம் செய்தாரோ என்று சிலர் பேசினார்கள். மாட்டுக்குள்ளே என்னமோ புகுந்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். இரண்டாவது பேச்சு ஒருவகையில் சரிதான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் பரசுராமன் தரகர் வேணுவுக்குப் போன் போட்டான். வேணு வந்தால் மாடு எங்கே போகும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உதைக்கிற மாட்டைக் கறக்க யார் வாங்குவார்கள்? லாரி ஏறினால் அடிமாடுதான். சித்திரைப் பௌர்ணமிக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும், அதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

கஸ்தூரி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"யாரக் கேட்டுய்யா போன் போட்ட?"

"யாரக் கேக்கணும்? ஆள ஒதச்சுது மே. நாளைக்கு ஒரு கொழந்தய ஒதச்சா ஜெயிலுக்கு நீ போறியா, நான் போறனா?"

"அது ஒதைக்கற மாடு இல்ல. அதுக்கு எங்கியோ நோவுது. வேணு வரட்டும். நீ கயித்தப் புடி, நான் மாட்டப் புடிக்கறேன். யாரு பக்கம் வருதுனு பாத்துடலாம்."

களியை உருட்டி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தின்னாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டரம்மா பேர் கவிநிலா. போளூர்ப் பக்கத்துப் பெண், மாடு கன்றுகளோடு வளர்ந்தவள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவள் முதலில் மாட்டைத் தொடவில்லை, சாணியைத்தான் குச்சியால் கிளறிப் பார்த்தாள். பிறகு இடப்பக்க விலாவுக்குப் பின்னால் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல மாட்டுக்கு அந்த இடம் மெதுவாக ஏறி இறங்கும். இதற்கு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உள்ளே தண்ணீர் சளசளத்தது. குளம்புக்கு மேலே கை வைத்தாள், கொதித்தது. மாடு காலை உதறிக்கொண்டது.

என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். பரசுராமன் சோற்று வாளியைப் பெருமையாகவே சொன்னான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கஸ்தூரியைப் பார்த்துப் பேசினாள்.

"மாடு புல்லத் தின்னுதுனு நாம நெனைக்கறோம்ங்க. புல்லச் செரிக்கறது அது வயித்துக்குள்ள இருக்கற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. கோடி கோடியா இருக்கும். அதுங்க புல்லத் தின்னு மாட்டுக்குச் சோறு போடுது. நீங்க வெந்த சோத்த வாளி வாளியா கொட்டினா, புளிக்க வெக்கறதுங்க ஜாஸ்தியாயி, புல்லுத் தின்றதுங்க செத்துப்போவுது. வயிறு பூரா புளிப்பு. அது ஒடம்புல ஏறி கொளம்பு வரைக்கும் எரியுது. நின்னாலும் நோவு, படுத்தாலும் நோவு. ஒதைக்காம இன்னாங்க பண்ணும்?"

"அப்ப அந்தக் கோவம் அதோடது இல்லியா டாக்டரம்மா?"

"வயித்தோடது. வயித்துல இருக்கறதுங்க மூளைக்கும் சேதி அனுப்புதுனு சொல்றாங்க. அது எவ்ளோ தூரம்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் இருக்காங்க. வலி இருக்கற வரைக்கும் கொணம் திரும்பாது, அது மட்டும் எனக்குத் தெரியும்."

சோற்றை அடியோடு நிறுத்தச் சொன்னாள். சோடா உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னாள், ஊசி போட்டாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். செத்துப்போன உயிர்களைத் திரும்ப உள்ளே விட வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் பொடி கிடைக்கும், ஆனால் இதற்குச் சீக்கிரமாகக் கேட்பது வேறு. நல்ல புல் வைக்கோல் தின்று அசை போடுகிற மாட்டின் வாயிலிருந்து அந்த அசையை அப்படியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சூடு ஆறுவதற்குள் இதன் வாயில் ஊற்ற வேண்டும்.

"பாலுக்கு உறமோர் ஊத்தற மாதிரி" என்றாள் கஸ்தூரி.

அதேதான் என்றாள் டாக்டரம்மா. ஆனால் எந்த மாடு? பாதையோரத்து மாடெல்லாம் பௌர்ணமிக்குக் கோமாதாதான். எல்லா வயிற்றிலும் அதே பொங்கல், அதே பழம். கெட்ட மோரை ஊற்றினால் பாலும் கெடும். தெருவின் இரண்டு பக்கமும் மாடு மாடாக மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்த கஸ்தூரி கடைசியில் ஓர் இடத்தில் நின்றாள்.

"எரும ஆவுமா?"

"தாராளமா ஆவும்."

அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பரசுராமன் கீழே உட்கார்ந்தான். டாக்டரம்மா ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கஸ்தூரியைப் பிடித்துக்கொண்டான்.

"எரும எச்சியா? அத மகாலச்சுமினு கும்பிடறாங்க மே. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம வாசல மிதிப்பானா? குடும்ப மானமே போயிடும்."

"அடிமாடா அனுப்பறப்ப போவாத மானம் எச்சில போயிடுமா? மகாலச்சுமிய லாரி ஏத்தப் பாத்தவன் நீ. எங்கிட்ட வந்து தீட்டு பேசாத."

அவன் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் இருக்கிற எருமை ஒன்றே ஒன்று. அது ஆராயியுடையது. ஆராயி பரசுராமனுக்குச் சின்னம்மா, செத்துப்போன சித்தப்பாவின் சம்சாரம். அந்த எருமைப் பாலை டீக்கடைகளுக்கு ஊற்றித்தான் அவள் பிழைப்பு. எமன் ஏறி வருகிற வாகனம் என்று கிரிவலம் வருகிறவர்கள் எருமையைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கமாகப் போவார்கள். ஒரு வாழைப்பழத் தோலைக்கூட அதற்கு யாரும் நீட்டியதில்லை. அது பாட்டுக்கு ஏரிக்கரையில் மேய்ந்து, தண்ணீரில் ஊறி, மத்தியானமெல்லாம் கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டு கிடக்கும். கும்பிட ஆளில்லாததால் அதன் வயிறு பிழைத்தது. தைப்பூசத்துக்கு வந்த பௌர்ணமியில் அது வழிதவறி வேப்பமரத்தடிக்கு வந்து கோமாதாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கும்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பரசுராமன் தடியெடுத்து அதன் முதுகில் நாலு போட்டுத் துரத்தினான். ஆராயி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கஸ்தூரி போனபோது ஆராயி கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கஸ்தூரி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ரோட்ல நின்னா ஆவாது. வாயில இருக்கறது மட்டும் ஆவுமா?" என்றாள் ஆராயி.

"ஆவும் சின்னத்த. அதான் வந்துக்கிறேன்."

"அவன் வரலியே."

"அவரு வரமாட்டாரு. மாடு எனக்கு வேணும், நான் வந்தேன்."

ஆராயி கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். ஆறுவதற்குள் ஊற்ற வேண்டும் என்றால் எருமைதான் மாட்டிடம் வர வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டுக்கொண்டாள்.

"பட்டப்பகல்ல வரும். ரோட்டு மேல, உன் முன்வாசல் வழியா வரும். திருட்டு எருமையாட்டம் பின்னாடி சந்துல ஓட்டினு வரமாட்டேன். சம்மதமா?"

"முன்னாடியே வரட்டும் சின்னத்த. நான் கதவத் தொறந்து வெக்கறேன்."

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஆராயி எருமையை நடுரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தாள். இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். எருமை வேப்பமரத்தடிக்கு வந்தது, பரசுராமனைப் பார்த்தது, நின்றது. அவ்வளவுதான். அசை போடவில்லை. காதை விறைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. நிழல் நகர்ந்தது, எருமையின் தாடை நகரவில்லை. கஸ்தூரி வெந்நீர்ச் சட்டியை இரண்டு தடவை சூடுபண்ணி எடுத்துவந்தாள்.

"அது போடாது. அடிச்சவன் எதிர்ல நிக்கறான்" என்றாள் ஆராயி.

"நான் உள்ள போறேன்" என்றான் பரசுராமன்.

"உள்ள போனா வாசன போயிடுமா? வெயில்ல வந்த எரும. தண்ணி இல்லாம அதுக்கு மனசு எறங்காது. மொண்டு ஊத்துடா."

அவன் கஸ்தூரியைப் பார்த்தான். கஸ்தூரி குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் குடத்தை வைத்துக்கொண்டு நின்றவன், தொட்டியில் மொண்டு, எட்டவே நின்று எருமை முதுகில் ஊற்றினான். தான் அடித்த அதே முதுகு. எருமை சிலிர்த்தது. இன்னொரு குடம். மூன்றாவது குடத்துக்கு அது தலையைத் தாழ்த்தியது. அப்புறம் எத்தனை ஊற்றினானோ, அவன் வேட்டியும் நனைந்து எருமையும் நனைந்து, வேப்பமரத்தடியே சேறானது. எருமை அந்தச் சேற்றில் முன்காலை மடித்துப் படுத்துப் பெருமூச்சு விட்டது. கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறிப் போவது எல்லோருக்கும் தெரிந்தது. தாடை அசைந்தது.

ஆராயி பக்கத்தில் குந்தி, அதன் காதோரம் சொறிந்துகொண்டே கடைவாய் ஓரமாகக் கையை விட்டு அந்த அசையை உருவி எடுத்தாள். பச்சை வாடை அடித்தது. கஸ்தூரி வெதுவெதுப்பாக ஆறிய வெந்நீரில் கரைத்து, துணியில் பிழிந்து, மூங்கில் குழாயில் நிறைத்து வெள்ளச்சியின் தாடையைத் தூக்கி ஊற்றினாள். ஊற்றியது அவள் மேலும் வழிந்தது. இட்லிக் கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, சிரித்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்து தாடையைப் பிடி என்றாள். சிரிப்பு நின்றது.

தினமும் நடந்தது. தினமும் பரசுராமன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நடுவில் வேணு வந்தார். கஸ்தூரி டீ கொடுத்து, மல்லாட்டை வறுத்துக் கொடுத்து, மாட்டுக்கு உடம்பு சரியில்லை, சரியானாலும் விற்கிற உத்தேசமில்லை என்று சொல்லி அனுப்பினாள். பிரகாஷ் வண்டி வந்து வாளி இறங்கியபோது அந்த வாளியை அப்படியே திருப்பி வண்டியில் ஏற்றினாள். குப்பையில் கொட்டினால் பாவமாயிற்றே என்று அவர் வருத்தப்பட்டார். "உங்க பாவம் போறதுக்கு எம் மாட்டு வயிறுதான் கெடச்சுதாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்த வாயை மூடிக்கொண்டு போனார்.

வெள்ளச்சி ஒரே நாளில் எழுந்து ஆடிவிடவில்லை. முதலில் பல் கடிப்பது நின்றது. பிறகு வைக்கோலை முகர்ந்தது, பிறகு தின்றது. சாணி இறுகியது, கஸ்தூரி தட்டிய வரட்டி சுவரில் நின்றது. ஒரு காலையில் கறக்க உட்கார்ந்தவளின் தலையை அது நாக்கால் நக்கியது. கஸ்தூரி செம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டுக் கறந்தாள்.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. கொட்டகைத் தகரம் வெயிலில் காய்ந்தால் ராத்திரி வரை அனல் அடங்காது, வேப்பமரத்தை விட்டால் மாட்டுக்கு வேறு நிழலில்லை. மஞ்சள், குங்குமம், மணி ஒன்றும் இல்லாமல் கஸ்தூரி அதை அங்கே கட்டினாள். பக்கத்தில் ஆராயியின் எருமை. வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. குங்குமம் இல்லாவிட்டால் என்ன, மாடு மாடுதானே? எருமையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, இலையும் தொன்னையுமாக வந்து நின்றார்கள். உடம்பு சரியில்லை, சோறு போடாதீர்கள் என்று கஸ்தூரி கெஞ்சினாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஒரு வாய்தான். ஊரெல்லாம் வந்து ஆளுக்கு ஒரு வாய் போட்டால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை, மலையைச் சுற்ற வேண்டும். அவள் இந்தப் பக்கம் ஒருவரைத் தடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பழம் உள்ளே போனது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெள்ளச்சி திரும்பவும் கெட்டுப்போகும், இந்தத் தடவை வேணுவை நிறுத்த முடியாது என்று பயந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பிரகாஷ் நாலு விருந்தாளிகளோடு, ஒரு தூக்குப் பொங்கலோடு வந்தார். அவளை ஓரமாக அழைத்து, குரலைத் தணித்துக்கொண்டு, மாட்டுக்கு எருமை எச்சிலைக் கொடுத்ததாக யாரோ பேசிக்கொள்கிறார்கள், பொய்யாகத்தான் இருக்கும், அப்படியே நிஜம் என்றாலும் வெளியே சொல்லிவிடாதீர்கள், அப்புறம் யாரும் இதற்கு ஒரு கை சோறு வைக்க மாட்டார்கள் என்றார்.

கஸ்தூரி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற இலைகளைப் பார்த்தாள். மரத்தடியில் பரசுராமன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கல்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது எரும எச்சி தின்ன மாடு. இதோ நிக்குதே எரும, இது வாயில இருந்து எடுத்து, அது வாயில நாந்தான் ஊத்துனேன். இப்ப அது வயித்துல இருக்கறது பூரா எருமையோடது. அதாலதான் உயிரோட நிக்குது. இப்ப யாரு ஊட்டப் போறீங்க, முன்னால வாங்க."

யாரும் வரவில்லை. ஓர் அம்மாள் நீட்டிய பழத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். சிவ சிவா என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரகாஷின் விருந்தாளிகள் நடையைக் கட்ட, அவரும் தூக்கோடு பின்னால் போனார். சேதி பாதையில் முன்னும் பின்னும் ஓடியது. வருகிறவர்கள் எருமைக்கு ஒதுங்குகிற மாதிரியே மாட்டுக்கும் ஒதுங்கி, ரோட்டின் அந்தப் பக்கமாகப் போனார்கள். மரத்தடி காலியானது. இரண்டு ஜீவன்களும் நிம்மதியாக அசை போட்டன.

பரசுராமன் முகத்தை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருந்தான். கஸ்தூரிக்குக் காலையிலிருந்து வயிறு காய்ந்து கிடந்தது, உள்ளே போய்க் கூழைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தாள். அப்போது வாசலில் சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து, பசுவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் சொம்பை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் நிலைக்கு வருவதற்குள் பரசுராமன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"வேணாங்க. இது எரும எச்சி தின்ன மாடுங்க" என்றான்.

அவர்கள் பின்வாங்கினார்கள். அவன் குடத்தை எடுத்து, மீதி இருந்த தண்ணீரை எருமையின் முதுகில் ஊற்றினான். ஊற்றிவிட்டு, கேட்காமலே அவர்களிடம் சேர்த்துச் சொன்னான்.

"எங்க சின்னம்மா வூட்டு எருமங்க."